வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி? ஓர் எளிய விளக்கம்

பெற்றோர் கூட்டம் நடக்கும் எந்தப் பள்ளியிலும் இந்தப் பேச்சு காதில் விழும். "பையனுக்கு வாசிக்கவே வரலை மிஸ்." பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "தினமும் பாடத்தைச் சத்தமாகப் படிக்க வையுங்க." ரிப்போர்ட் கார்டில் 'தனிக்கவனம் தேவை' என்று ஒரு வரி ஏறும். அந்தத் தனிக்கவனம் என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டியூஷன் வைப்பது என்பார் ஒருவர். முதல் பெஞ்சுக்கு மாற்றுவது என்பார் இன்னொருவர். நாற்பது பிள்ளைக்கு நாற்பது ஒர்க்‌ஷீட் தயாரிப்பதா என்று ஆசிரியர் பயப்படுவார்.

இது எதுவும் இல்லை. பிள்ளை எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கான பயிற்சியைக் கொடுத்து, சிக்கல் விட்டதும் பயிற்சியை மாற்றுவது. அவ்வளவுதான். ஆனால் 'எங்கே சிக்கியிருக்கிறது' என்பதைக் கண்டுபிடிக்க, வாசிப்பு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தொட்டியில் ஏன் தண்ணீர் ஏறவில்லை?

மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் பழுதாகியிருக்கலாம். மோட்டார் நன்றாக ஓடியும் கிணறு வற்றியிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, நடுவில் குழாய் அடைத்துக்கொண்டு நூல் மாதிரி சொட்டலாம். மேலே நின்று பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான், தொட்டி காலி. கிணறு வற்றிய வீட்டில் புது மோட்டார் மாட்டினால் செலவுதான் மிச்சம்.

வாசிப்பிலும் இந்த மூன்று பாகங்கள் உண்டு. மோட்டார் என்பது எழுத்துக்கூட்டல்: எழுத்தைப் பார்த்து அதன் ஒலியைச் சொல்லி, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது. கிணறு என்பது மொழிப்புரிதல்: அதே சொல்லையும் வாக்கியத்தையும் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன். குழாய் என்பது சரளம்: தவறில்லாமல், தட்டுத்தடுமாறாமல், பேசுகிற வேகத்தை ஒட்டி வாசிப்பது.

இதில் முதல் இரண்டையும் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் ஒரு சின்னச் சூத்திரமாக எழுதினார்கள். எழுத்துக்கூட்டலை மொழிப்புரிதலால் பெருக்கினால் வருவது வாசிப்பு. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் கூட்டவில்லை, பெருக்கினார்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். மொழி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் எழுத்துக்கூட்ட வராவிட்டால் வாசிப்பு இல்லை. எழுத்துக்கூட்டுவதில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தாலும் மொழி தெரியாவிட்டால் அதுவும் வாசிப்பு இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டிவிடும் என்ற நினைப்பு இங்கே எடுபடாது.

ஒரே வாக்கியம், மூன்று பிள்ளைகள்

மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் ஒரு வாக்கியம்: 'கொக்கு ஒன்று குளக்கரையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.'

ஜன்னலோரப் பிள்ளை முதல் சொல்லிலேயே நிற்கிறது. "கெ... ர..." அப்புறம் மௌனம். ஏதோ உளறுகிறது என்று தோன்றும். உண்மையில் கண்ணில் பட்டதைத்தான் அது வரிசையாகச் சொல்கிறது. 'கொ' என்ற எழுத்தில் இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் கால். கொம்பையும் க-வையும் சேர்த்து 'கெ' என்று படித்துவிட்டது. மிச்சமிருந்த காலை ர என்று நினைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் நிற்கும் குறி ஒரே ஒலிக்கு உரியது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

கதவோரப் பிள்ளை விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தி, "கொ-க்-கு, ஒ-ன்-று" என்று ஒரு தவறும் இல்லாமல் முடிக்கிறது. கொக்கு எங்கே நின்றது என்று கேட்டால், "மறந்துபோச்சு மிஸ்." பொய் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் மெனக்கெடுவதில் கவனம் முழுவதும் செலவாகி, 'நின்றுகொண்டிருந்தது' வருவதற்குள் 'குளக்கரை' நினைவிலிருந்து நழுவிவிட்டது.

நடு பெஞ்சுப் பிள்ளை செய்தி வாசிப்பவர் மாதிரி கடகடவென்று வாசிக்கிறது. வகுப்பே அதைப் பாராட்டுகிறது. எங்கே நின்றது என்று கேட்டால் "குளக்கரையில்" என்று சொல்லிவிடுகிறது, ஏனென்றால் அந்தச் சொல் வாக்கியத்திலேயே இருக்கிறது. கரை என்றால் எது, கொக்கு ஏன் ஆடாமல் அசையாமல் நிற்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. வீட்டில் இந்தி பேசும் பிள்ளையாக இருக்கலாம். தமிழே பேசினாலும் குளத்தையும் கொக்கையும் பார்த்திராத பிள்ளையாகவும் இருக்கலாம்.

மாதத் தேர்வில் இந்த மூவருக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரக்கூடும். 'தினமும் சத்தமாகப் படி' என்ற ஒரே மருந்தை மூவருக்கும் எழுதினால், கதவோரப் பிள்ளைக்கு ஓரளவு பலன் உண்டு. ஜன்னலோரப் பிள்ளைக்கு அது தினசரி அவமானம். நடு பெஞ்சுப் பிள்ளைக்கு வெறும் நேரப்போக்கு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வாசிக்க வரவில்லை என்பது அறிகுறி மட்டுமே. காரணம் எழுத்துக்கூட்டலிலோ சரளத்திலோ மொழிப்புரிதலிலோ இருக்கும், சில பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். அடுத்து, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு சின்னப் பத்தி வேண்டும். 'இதுவரை பார்க்காத' என்பது முக்கியம். வகுப்பில் கோரஸாகச் சொல்லிச் சொல்லி முதல் பத்துப் பாடங்கள் பல பிள்ளைகளுக்கு மனப்பாடம். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ஒப்பிக்கும். கோரஸ் வாசிப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாததற்கு இதுதான் காரணம். நாற்பது குரலுக்குள் வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் மேல் வகுப்புக்குப் போய்விடும்.

பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது, என்ன சொல்லி வாசிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் மேரி கிளே இப்படிக் குறித்துக்கொள்ளும் முறையை ஒழுங்குபடுத்தி ஆசிரியர்களிடையே பரப்பினார். தவறைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்வது அதில் முக்கியமான வேலை. 'கொக்கு' என்பதைப் பிள்ளை 'கோழி' என்று வாசித்தால், முதல் எழுத்தையும் பக்கத்துப் படத்தையும் பார்த்து ஊகிக்கிறது என்று தெரிகிறது. 'கொடு' என்பதை 'கோடு' என்று வாசித்தால் ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. இரண்டையும் வெறும் பெருக்கல் குறியாகப் போட்டுவிட்டால் இந்தத் தகவல் போய்விடும்.

பத்தி பிள்ளைக்குப் பொருத்தமானதா என்று பார்க்க ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. நூறு சொல்லில் பத்துக்கு மேல் தவறினால் அந்தப் பத்தி இப்போதைக்குக் கடினம். ஐந்துக்குக் கீழே என்றால் தானாக வாசித்துக்கொள்ளலாம். நடுவில் வந்தால் அதுதான் உதவியோடு பயிற்சி செய்யத் தோதான பத்தி. கல்லில் எழுதிய விதி இல்லை, ஒரு கைக்கணக்கு.

அடுத்ததுதான் முக்கியமான படி, பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். அதே அளவுக் கடினமுள்ள இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கோளாறு மோட்டாரிலோ குழாயிலோ. கேட்டாலும் புரியவில்லை என்றால் எழுத்தட்டையை எடுத்து வைத்துவிட்டு மொழியிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவதாக, சந்தேகம் இருந்தால் மட்டும், பொருளே இல்லாத நாலைந்து சொற்களை எழுதிக் காட்டலாம். 'டாமு', 'பீகொ', 'நெலூ' என்று. இதை மனப்பாடத்தாலும் சமாளிக்க முடியாது, ஊகத்தாலும் முடியாது. வாசித்துவிட்டால் எழுத்துக்கூட்டல் கைவசம் இருக்கிறது.

மோட்டாரில் கோளாறு என்றால்

தமிழில் எழுத்து மொத்தம் 247. இதைப் பார்த்து மலைத்துப்போய், சார்ட்டை வாங்கிச் சுவரில் மாட்டி வரிசையாக ஒப்பிக்க வைப்பது நம் வழக்கம். ஒப்பிக்கும் பிள்ளையிடம் 'மீ' என்ற எழுத்தை மட்டும் தனியாகக் காட்டிப் பாருங்கள். உதட்டுக்குள் "ம, மா, மி..." என்று ஓட்டிவிட்டு "மீ!" என்று வந்து சேரும். வரிசை தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

இந்தப் பிள்ளைக்கு வேண்டியது வரிசையைக் குலைப்பது. ஓர் எழுத்தின் பன்னிரண்டு வடிவங்களைக் கீழ்நோக்கிச் சொல்ல வைப்பதைவிட, ஒரே குறியைப் பல எழுத்துகளில் ஏற்றிக் காட்டுவது பலன் தரும். கா, மா, பா, தா என்று கால் ஏறினால் ஒலி எப்படி நீள்கிறது என்று பிடிபட்டுவிட்டால், பார்க்காத 'ஞா'வையும் பிள்ளை தானே வாசிக்கும். 247-ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம், குறிகள் சேரும் விதம், இவை பிடிபட்டால் மிச்சம் பெரும்பாலும் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி வந்துவிடும். ஊகாரக் குறி மாதிரி எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறவற்றைத் தனியாகப் பழக்கினால் போதும்.

சொல்லாக்குவதை அதற்கெல்லாம் காத்திருக்காமல் முதல் வாரமே தொடங்கலாம். ட, ப, ம, ர, இவற்றோடு புள்ளி. இவ்வளவு போதும்: படம், மரம், மடம், பட்டம், மட்டம். எழுத்தட்டைகளை நகர்த்தி ஒன்றை மாற்றினால் இன்னொரு சொல். ஜன்னலோரப் பிள்ளைக்கு அடுத்த வேலை கொம்பும் காலும். 'கெ, கா, கொ' மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொம்பு ஓர் அட்டை, க ஓர் அட்டை, கால் ஓர் அட்டை என்று பிள்ளையே சேர்த்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். தினம் பத்து நிமிடம். அந்த நாட்களில் பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொல்லி எழுப்பி நிற்க வைப்பதைத் தவிர்க்கலாம். கதையை மட்டும் காதால் கேட்கட்டும், கிணறு வற்றாமல் இருக்கும்.

ஒரே எழுத்து இடத்துக்குத் தகுந்தபடி ஒலி மாறுவதும் உண்டு. கடல், தங்கம், பகல், மூன்றிலும் க ஒன்று போலவா ஒலிக்கிறது? தமிழைப் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தெரிந்த சொல் என்பதால் நாக்கு தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அதற்குச் சொல்லையும் ஒலியையும் சேர்த்துத் தர வேண்டும்.

குழாய் அடைப்பு

கதவோரப் பிள்ளைக்கு இனி எழுத்தட்டை வேண்டாம். அது தாண்டிவிட்ட படி அது. சரளத்துக்கு நன்கு அறியப்பட்ட வழி ஒரே சின்னப் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-ல் இதைப் பற்றி எழுதினார். ஐம்பது, நூறு சொல் கொண்ட பத்தி. முதல் தடவை தடுமாறும். மூன்றாவது, நாலாவது தடவை வேகம் கூடும். ஓரளவு வேகம் வந்ததும் அடுத்த பத்திக்குப் போய்விட வேண்டும். மனப்பாடம் ஆகும்வரை நிற்கக் கூடாது.

பெரியவர் ஒரு வாக்கியம் வாசிக்க, பிள்ளை அதே ஏற்ற இறக்கத்தோடு திரும்ப வாசிப்பதும் நல்ல பயிற்சி. தமிழில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் சொற்கள் நீளமானவை. 'நின்றுகொண்டிருந்தது' என்பதைப் பத்து எழுத்தாகப் பார்க்கிற பிள்ளை களைத்துப்போகும். நின்று, கொண்டு, இருந்தது என்று மூன்று துண்டாகப் பார்க்கக் கற்றால் சுமை குறையும். பென்சிலால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தால் போதும். 'நின்னுட்டு இருந்துச்சு' என்று வீட்டில் சொல்வதுதான் இது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், புத்தகத்துத் தமிழ் வேறு ஏதோ மொழி என்ற மிரட்சியும் போகும்.

கிணறு வற்றியிருந்தால்

நடு பெஞ்சுப் பிள்ளைதான் கண்டுபிடிக்கக் கஷ்டமான பிள்ளை. நன்றாக வாசிக்கிறதே! நாலாம், ஐந்தாம் வகுப்பில் அறிவியல் பாடம் கனமாகும்போதுதான் சறுக்கல் வெளியே தெரியும்.

புரிதல் என்பதைத் தனியொரு திறமை மாதிரிப் பேசுவது பரவலான தவறு. விஷயம் தெரிந்திருப்பதுதான் அதில் பெரும்பங்கு. 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் சுமார் என்றாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டி ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட அதை நன்றாக நினைவில் வைத்துச் சொன்னார்கள். நம்மூரில் ஐபிஎல் பற்றிய ஒரு பத்தியைக் கடைசி பெஞ்சில் கொடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஆகவே இந்தப் பிள்ளைக்கு வாசிக்கும் முன்னால் பேச்சு வேண்டும். கொக்கு மீன் பிடிப்பதைப் பற்றி இரண்டு நிமிடம், முடிந்தால் ஒரு படமோ வீடியோவோ. வரப்போகிற சொற்களில் மூன்றோ நாலோ மட்டும் முன்கூட்டியே, வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். வாசித்த பிறகு, விடை வாக்கியத்திலேயே கிடைக்காத கேள்வி ஒன்றாவது கேட்க வேண்டும். 'கொக்கு ஏன் அசையாமல் நின்றது?' என்பது அப்படிப்பட்ட கேள்வி. 'கொக்கு எங்கே நின்றது?' அப்படிப்பட்டதல்ல. பிள்ளையின் வீட்டு மொழியில் பதில் சொல்ல விடுவதிலும் தப்பில்லை. விஷயம் பிடிபட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

சுருக்கமாக: எழுத்துக்கூட்டலுக்கு அட்டையும் குறியும், சரளத்துக்கு ஒரே பத்தியின் மறுவாசிப்பு, மொழிப்புரிதலுக்குப் பேச்சும் கேள்வியும். ஒன்றுக்குரியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பயிற்சி நடக்கும், மாற்றம் நடக்காது.

நாற்பது பேரை வைத்துக்கொண்டு எப்படி?

நியாயமான கேள்வி. இதற்குக் குழுவாகப் பிரிப்பதுதான் வழி. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் அசர் ஆய்வு 2005-லிருந்து பிள்ளைகளை எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்ற படிகளில் சோதித்து வருகிறது. அதே படிகளை வைத்து, நாளின் ஒரு பகுதியில் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரித்துக் கற்பிப்பதையும் பிரதம் பரப்பியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ போன்றோர் இதைக் கள ஆய்வு செய்தார்கள். 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்கள் அவர்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகளும் நிலை பார்த்துப் பிரிப்பதுதான்.

நல்ல ஏற்பாடு. ஆனால் எனக்கு இதில் இரண்டு கவலை உண்டு. நிலை என்பது பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்லும், ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லாது. அரும்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கொம்பும் காலும் பிரச்சினை, இன்னொன்றுக்குத் தமிழே புதிது. அந்தக் குழுவுக்குள்ளும் ஆசிரியர் ஐந்து நிமிடச் சோதனையைச் செய்தாக வேண்டும். இன்னொரு கவலை, குழுப் பெயர் பிள்ளையின் பெயராக மாறிப்போவது. 'இவன் அரும்புப் பையன்' என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் குழு பிரித்ததன் நோக்கமே கெட்டது. மாதம் ஒரு தடவையாவது மறுபடி சோதித்து ஆட்களை மாற்ற வேண்டும். யாருமே நகரவில்லை என்றால் பயிற்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் ஒன்று

'என் பிள்ளை பார்த்துக் கற்கிற வகை, அவள் கேட்டுக் கற்கிற வகை' என்று சொல்வதும் பிள்ளைக்கு ஏற்ற பயிற்சிதானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2008-ல் ஹரோல்ட் பாஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் இது குறித்து அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அந்த வகைக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதல் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பது வேறு, எதில் சிக்கியிருக்கிறது என்பது வேறு. எழுத்துக்கூட்ட வராத பிள்ளையை 'கேட்டுக் கற்கிற வகை' என்று முத்திரை குத்தி ஆடியோவைப் போட்டுக் கொடுத்தால், கடைசிவரை அதற்கு எழுத்துக்கூட்ட வராது.

சரியான பயிற்சி கொடுத்தும் நகரவில்லை என்றால்

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கரும்பலகையிலிருந்து தப்பும் தவறுமாகக் காப்பி செய்யும் பிள்ளைக்குச் சில சமயம் கண்ணாடி போட்டதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதற்கு அப்புறமும், சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தும் எழுத்துக்கூட்டல் மட்டும் ஏறவே இல்லை, கேட்டுப் புரிந்துகொள்வதில் குறையும் இல்லை என்றால், டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும். டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும், மூளையின் அமைப்பு சார்ந்த சிரமம். சோம்பேறித்தனமும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. இந்தப் பிள்ளைகளுக்கும் மோட்டார் பகுதியில் சொன்ன அதே வேலைதான், இன்னும் சின்னச் சின்னப் படிகளாக, இன்னும் அதிக நாள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இருக்கின்றன. அதனால் சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். பரிசோதனைக்குப் போகும்போது பிள்ளையின் ரேங்க் கார்டோடு, அது வாசித்தபோது செய்த தவறுகளை அப்படியே குறித்து வைத்த நோட்டையும் எடுத்துப் போங்கள். 'வாசிக்க வரலை' என்று வாயால் சொல்வதைவிட அது பரிசோதிப்பவருக்கு நிறையச் சொல்லும்.